எங்கள் வானொலி வாசிக்காத மரணம்

அந்த விண்ணப்பத்துக்கு 'அனுமதிப்பத்திரத்தின் கட்டுப்பாட்டைக் கைமாற்றுதல்' என்று பெயர். முதன்முதலாகப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கட்டுப்பாடாம்! மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துக் கடைவீதி ஒன்றில், மின்சாமான் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் ஒலிபரப்பு யந்திரம், மற்றதில் நானும் ஒலிவாங்கியும். மழை வந்தால் தகரக் கூரையின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது. சுற்றியிருக்கிற சில தோட்டங்களைத் தாண்டிவிட்டால் எங்கள் அலைவரிசையில் வெறும் இரைச்சல்தான். இதில் யார் எதைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தோம் என்று கொழும்புக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

கடையும் வானொலியும் ஒருவருடையவை. ஊரே அவரை மொதலாளி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். முஸ்லிம் வியாபாரி. தோட்டத்து ஆட்களுக்கு ரேடியோ விற்றவர், விற்ற ரேடியோவில் கேட்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று வானொலியையே தொடங்கிவிட்டார் என்று கடைவீதியில் கேலி பேசுவார்கள். அவரும் அதை மறுத்ததில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில் மகா கஞ்சன். மரண அறிவித்தலுக்கு மட்டும் யாரிடமும் ஒரு சதம் வாங்கமாட்டார்.

அந்த மரண அறிவித்தலுக்காகத்தான் சனம் எங்களைக் கேட்டது. பாட்டெல்லாம் போனிலேயே கிடைக்கிறதே. காலையில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் நான் வாசிப்பேன். றொசல்லயில் ஒருவர் இறந்தால் அவருடைய தம்பி எங்கள் பக்கம் இருப்பார். கொத்மலையில் ஒரு அம்மா போய்விட்டால் மகள் இங்கே வாழ்க்கைப்பட்டிருப்பாள். போனில் செய்தி வராதா என்றால், வரும். ஆனால் உயிரோடு இருக்கிற நடிகர்களை வாரத்துக்கொருமுறை சாகடிக்கிற போனை யார் நம்புவது? "ரேடியோவுல வாசிச்சிட்டாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எங்கள் பெண்கள் வேலைக்குப் போகாமல் இழவு வீட்டுக்குப் புறப்படுவார்கள். வாசித்துவிட்டால் கங்காணியும் மறுபேச்சுப் பேசமாட்டார்.

முதலாளிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போய் வரும் நாட்களில் படியேற முடியாமல் கடையிலேயே உட்கார்ந்துவிடுவார். மகன்கள் இரண்டு பேரும் கட்டாரில். வானொலி எங்களுக்கு வேண்டாம், வாப்பா விரும்பியபடி செய்யட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் என்னையும், நான் அண்ணன் என்று கூப்பிடுகிற யந்திரம் பார்ப்பவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நான் போறதுக்கு முந்தி இத ஒங்க ரெண்டு பேர்ட பேருக்கு மாத்திப் போடணும் மகள். இல்லாட்டி கொழும்புல ஈக்கிற எவனாவது வாங்கி, நாள் முழுக்க விளம்பரம் போடுவான்" என்றார்.

அப்படித்தான் அந்த விண்ணப்பம் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது. சிங்களத்தில் வந்தது. தமிழில் இல்லையா என்று கேட்டதற்கு, இருக்கிறது, இன்னும் அச்சாகவில்லை என்றார்கள். இப்போது பங்கு யார் கையில், கைமாறிய பிறகு யார் கையில், வாங்குகிறவரின் தகப்பன் யார், தொழில் என்ன, பொலிஸில் வழக்கு உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. வழக்கு மட்டும்தான் எங்களிடம் இல்லை என்று அண்ணன் சொன்னார். மற்றதையெல்லாம் ஒருவாறு நிரப்பினோம். சமாதான நீதவான் முன்னால் முதலாளி ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையால் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வைத்தார். கட்டுக்கட்டாகப் பிரதியெடுத்து அனுப்பினோம்.

திரும்பி வந்துவிட்டது. எங்களுக்கு விலாசம் இல்லையாம்.

நானும் அண்ணனும் பிறந்ததும் இருக்கிறதும் லயத்தில், தோட்டக் கம்பனி கட்டிய வரிசை வீடுகளில். தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், அவ்வளவுதான் எங்கள் விலாசம். கடிதம் வந்தாலும் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது மனம் வைத்தால் கைக்கு வரும். அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவருக்கு வீதியும் வீட்டிலக்கமும் வேண்டும், அல்லது வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் என்றால் தோட்டக் கம்பனி. தோட்டத்தை நடத்துகிற தொரையைப் பார்க்கப் பல தடவை ஆபீஸ் வாசலில் நின்றேன். கடைசியில் உள்ளே விட்டார்கள்.

"ஒங்களுக்குக் கடிதம் குடுத்தா நாளைக்கு லயத்துல எல்லாரும் வந்து நிப்பாங்க. அத வச்சு வீடு எங்களுதுன்னு கேஸ் போடுவாங்க" என்றார் தொரை. மரியாதையாகத்தான் சொன்னார். நாலு தலைமுறையாகக் குடியிருக்கிற வீட்டில் நான் குடியிருக்கிறேன் என்று ஒரு வரி எழுத அவருக்குப் பயம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையில் இருந்த கண்ணாடித் தண்ணீர்க் கூசாவைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. மறுபடியும் போய் நின்றேன். மழைக்காலம் முழுவதும் அதிலேயே போயிற்று. ஒருவழியாக, 'இக்கடிதம் எவ்வித உரிமையையும் வழங்காது' என்ற எச்சரிக்கையே பாதியை அடைத்துக்கொண்ட ஒரு கடிதம் கிடைத்தது.

அதற்குள் முதலாளி மெலிந்து சட்டைக்குள் தொலைந்துபோயிருந்தார்.

கொழும்பு அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்த்தவர் ஒரு சிங்களப் பெண். கெட்டவரென்று சொல்லமாட்டேன். போன் எடுத்தால் "நங்கி" என்று தங்கையைக் கூப்பிடுகிற மாதிரிப் பேசுவார். ஒருநாள் துணிந்து கேட்டேன், அனுமதி வருவதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று. உயிரோடிருப்பவர்தான் கைமாற்ற முடியும், இறந்துவிட்டால் அன்றோடு அனுமதிப்பத்திரமும் முடிந்துவிடும், அது பிள்ளைகளுக்குப் போகிற சொத்து இல்லை என்றார். "கோப்பு கடைசி மேசைக்குப் போய்விட்டது, ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. பொறுத்துக்கொள்ளுங்கள் நங்கி" என்றார்.

இதை முதலாளியிடம் மறைக்க நினைத்தேன். அண்ணனால் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டார். முதலாளி என்னைக் கட்டில் பக்கம் கூப்பிட்டார்.

"மகள், நான் மௌத்தானா ரேடியோவுல வாசிக்க வேணாம்."

"என்னங்க மொதலாளி இப்படிப் பேசுறீங்க? ஊரு முழுக்க உள்ளவங்களுக்கு வாசிச்சிட்டு ஒங்களுக்கு வாசிக்காம விடுவேனா?"

"வாசிச்சா நீங்களே கொழும்புக்கு அறிவிச்ச மாதிரி ஆகிடும். கையெழுத்து விழுற வரைக்கும் நான் உசிரோட ஈக்கிறேன் எண்டு வச்சுக்கோங்க. பொறகு ஆறுதலா வாசிங்க."

சத்தியம் கேட்டார். செய்துகொடுத்தேன்.

அவர் இறந்தது ஒரு மழை நாளில், விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு. நான் அறிவித்தல்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவருடைய மனைவி போன் பண்ணினார். "அவர் போயிட்டார் மகள். மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்" என்றார். அழுகையை அடக்கிக்கொண்டு, "அவர் சொன்னது ஞாபகம் ஈக்குதானே?" என்றும் கேட்டார். ஞாபகம் இருக்கிறது என்றேன்.

அன்று காலை வேறு யார் யாருக்கோ வாசித்தேன். யாரோ ஒருவருடைய மருமக்கள், பேரப்பிள்ளைகள், எந்தெந்தத் தோட்டம், எத்தனை மணிக்கு அடக்கம் எல்லாம் என் வாயிலிருந்து ஒழுங்காக வந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் யந்திரத்தில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தார். எனக்கு அழக்கூட வழியில்லை, ஒலிவாங்கி திறந்திருந்தது.

பாட்டுகளை அடுக்கிவைத்துவிட்டு இரண்டு பேரும் ஜனாஸா வீட்டுக்குப் போனோம். கடைவீதி ஆட்கள் வந்திருந்தார்கள். மகன்களுக்கு விமானம் கிடைக்கவில்லை. தோட்டத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. அண்ணன் அடக்கம் செய்கிற மையவாடி வரைக்கும் போனார். நான் பெண்களோடு வீட்டில் இருந்துவிட்டு, மாலை நேயர் விருப்பத்துக்காகத் திரும்பினேன். அந்த நிகழ்ச்சியை நிறுத்தினால் சனம் சந்தேகப்படும்.

நேயர்கள் நேரடியாகப் போனில் பேசுகிற நிகழ்ச்சி அது. மூன்றாவதோ நான்காவதோ ஒரு பெண் வந்தார். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் லயத்துக்கு வந்ததாகச் சொன்னார். என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டேன்.

"பாட்டு கெடக்கட்டும்ங்க. மொதலாளி மௌத்தாயிட்டாங்கன்னு மத்தியானத்துல இருந்து போன்ல அனுப்புறாங்க. நாங்க நம்பல. அவருன்னா மொதல்ல நீங்கதானே வாசிப்பீங்க? மலையில எல்லாப் பொம்பளைங்களும் அதத்தான் சொன்னோம். பொய்தானேங்க?"

அண்ணனின் கை இணைப்பைத் துண்டிக்கிற பொத்தானுக்கு மேலே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். செய்த சத்தியம் எனக்குத் தெரியும். வானொலி போய்விடும் என்பதும் தெரியும். ஆனால் எங்களை நம்பி, கண்முன்னால் வந்த செய்தியைப் பொய்யென்று ஒதுக்கிவிட்டு மலையில் நின்றிருக்கிறார்கள். அவர்களிடம் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"இல்லம்மா. உண்மைதான். காலையில போயிட்டாங்க."

"அடக்கம் எப்பங்க? இந்தா, இப்பவே எல்லாரையும் கூட்டிக்கிட்டு எறங்கிர்றோம்."

"அடக்கம் முடிஞ்சிருச்சும்மா."

மறுபக்கத்தில் ஒரு குழந்தை சிணுங்குவதும் யாரோ பாத்திரம் வைப்பதும் கேட்டன. பிறகு அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்: "எங்கம்மா செத்தப்ப கடையப் பூட்டிட்டு அந்தச் செங்குத்துப் பாதையில ஏறி வந்தாருங்க. நீங்க வாசிச்சிருந்தா அரைநாள் பேரோட நிறுத்திட்டு வந்திருப்போமே." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பாட்டு எதுவும் கேட்காமல் வைத்துவிட்டார்.

அதன் பிறகு வந்த நாட்களில் நான் என்னையே தின்றுகொண்டிருந்தேன். வாயை அடக்கியிருந்தால் வானொலி பிழைத்திருக்கும், ஒரு இறந்த மனுஷனுக்குச் செய்த சத்தியத்தையும் உடைத்து, உள்ளதையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அது இன்னும் மோசம்.

பிறகு கொழும்பு அலுவலகத்துப் பெண் பேசினார். குரலில் அத்தனை சந்தோஷம். கையெழுத்து விழுந்துவிட்டதாம். நான் ஒலிபரப்பில் சொன்னது எதுவும் அவர் காதுக்குப் போயிருக்கவில்லை. போயிருக்கும் என்று நான் நினைத்ததே எங்கள் வானொலியைப் பற்றி எனக்கிருந்த திமிர்.

"இனி ஒன்றுமில்லை நங்கி. பழைய உரிமையாளரும் நீங்களும் ஒன்றாக வந்து, என் முன்னால் பதிவேட்டில் ஒப்பமிட்டு எடுத்துக்கொண்டு போகலாம்."

"அவரும் வரணுமா?"

"கட்டாயம் வரவேண்டும். அவர் ஒப்பமிடாமல் கொடுக்க முடியாது. நடக்க முடியாவிட்டால் தூக்கிக்கொண்டாவது வாருங்கள்."

அது எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. யாரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை. அவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். "அனே" என்று சிங்களத்தில் பரிதாபப்பட்டார். வாரக் கடைசியில் ஒலிபரப்பை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. அண்ணன் யந்திரத்தை நிறுத்தித் துணி போட்டு மூடினார்.

முதலாளியின் மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர், கணவனை இழந்த பெண்கள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவில் இருந்தார், திரைச்சீலைக்குப் பின்னால், வெள்ளை உடுத்து. நான் சொன்னதையெல்லாம் கையில் தஸ்பீஹ் மணிமாலையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நாங்க மறைச்சது?"

"ஒண்ணுக்கும் ஒதவலங்க. எப்படியும் ரேடியோ போயிருக்கும்."

"அப்படியெண்டா அண்டைக்கு வாசிச்சிருக்கலாம்" என்றார். "பள்ளிவாசல்ல ரெண்டு வரிசகூட ஆள் நெறயல்லயாம் மகள். இந்தச் சனத்துக்குத்தானே அவர் இவ்வளவு காலம் ஓடினவர். வாசிச்சிருந்தா மலையில இருந்து சனம் வந்திருக்கும்தானே?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மழையில் அத்தனை பேர் எங்கே வரப்போகிறார்கள் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"வந்திருப்பாங்க" என்றேன். "ரோடு கொள்ளாம வந்திருப்பாங்க."