வெங்காயக் கொல்லையில் நின்ற நீலப் புள்ளி

பெரம்பலூரைத் தாண்டி ஒரு மக்காச்சோளக் கொல்லை. வயல்களுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்டுவது என் வேலை. கல்யாணமாகி வந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் கொல்லை அது. குருத்துக்குள் படைப்புழு இறங்கிவிட்டிருந்தது. காற்று கிளம்புவதற்குள் அடித்தாக வேண்டும். சொதப்பினால் இந்த ஊரில் யாரும் என்னை மறுபடி கூப்பிடமாட்டார்கள். அது போதாதென்று வரப்பு முழுக்க வேடிக்கை பார்க்க ஆள்.

ட்ரோனைக் கிளப்பும் முன், அதை இயக்கும் டேப்லெட்டை, எங்கள் பேச்சில் டேப்பை, கையில் பிடித்தபடி கொல்லையைச் சுற்றி நடந்து எல்லை குறிக்க வேண்டும். நான் நிற்கும் இடம் திரையில் நீலப் புள்ளியாகத் தெரியும். அன்றைக்கு நான் சோளத்தில் நடந்தால் புள்ளி பக்கத்து வெங்காயக் கொல்லையில் நின்றது. பிறகு அங்கிருந்தும் காணாமல் போனது. அதை நம்பிப் பறக்கவிட்டால், பிடுங்கத் தயாராக இருக்கும் சின்ன வெங்காயத்தின் மேல் மருந்து விழும்.

லொக்கேஷனை அணைத்துப் போட்டேன். டேப்பையே அணைத்துப் போட்டேன். மின்கம்பியையும் வேப்பமரத்தையும் விட்டு விலகி வெட்டவெளியில் நின்று பார்த்தேன். ம்ஹும்.

"ஏம்மா, டவர் கெடைக்கலியா?" என்றார் கொல்லைக்காரர்.

"இது டவர் இல்லைங்க, சேட்டிலைட்டு."

"எதுவா இருந்தா என்னா, கெடைக்கலதான?"

எரிச்சல் வந்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. கையால் மருந்தடிக்கும் ஆட்களுக்கு அவர் போன் போடுவது காதில் விழுந்தது.

என் செல்போனில் வரைபடத்தைத் திறந்தேன். நான் சோளத்தில் நிற்பதாகச் சரியாகவே காட்டியது. ஆக, வானத்தில் கோளாறில்லை, டேப்பில்தான். பயிற்சி கொடுத்த சாரைக் கூப்பிட்டேன். "பின்னால இரும்பு, தகரம்னு ஏதாச்சும் ஒட்டியிருந்தா சிக்னல மறைச்சிடும். கவரக் கழட்டிப் பாருங்க" என்றார்.

கழற்றினேன். டேப்பின் முதுகை மூடிக்கொண்டு ஒரு செப்புத் தகடு. கட்டம் கீறி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்தது. கல்லங்குறிச்சித் திருவிழாக் கடையில் என் மாமியார் வாங்கியது. பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று தினமும் முணுமுணுப்பவர் அவர்தான்.

தகட்டை மடியில் செருகினேன். கோபத்திலும் அதைத் தரையில் போடத் துணியவில்லை. புள்ளி சோளத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லையைக் குறித்து ட்ரோனைக் கிளப்பினேன். அது போய்த் திரும்பிக்கொண்டிருக்கையில் என் மனம் தகட்டிலேயே கிடந்தது. எங்கள் பக்கம் காப்பதற்கும் தகடு வைப்பார்கள், கட்டிப்போடுவதற்கும் வைப்பார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்தான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வைத்தவர் மனசில் இருப்பதுதான் கணக்கு. என் பிழைப்பைக் கட்டத்தான் வைத்திருக்கிறார் என்று முடிவே செய்துவிட்டேன்.

காற்று கிளம்பும் முன் வேலை முடிந்தது. வெங்காயத்தில் ஒரு சொட்டு படவில்லை. கொல்லைக்காரர், வர வேண்டாம் என்று ஆட்களுக்குச் சொல்லிவிட்டார். வீடு போகும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. வரப்பிலிருந்தே மாமியாருக்குப் போன் போட்டேன்.

"தகடு வச்சது நீங்கதான அத்தை?"

"ஆமா."

"இந்த வேலையே வேணாம்னு சொல்றவங்க, அத எதுக்கு வச்சீங்க?"



"வேணாம்னுதான் சொன்னேன். ஊரு முன்னால நீ தோத்து நிக்கணும்னா சொன்னேன்?"