கிழவர் பெட்டி கட்டிய ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசைக்குப் போய் வந்து, மதியம் சாப்பிட்ட பிறகு, எங்கள் வீட்டில் ஒரு ஆங்கிலத் தொடர் நாடகம் ஓடும். மகள்தான் அதைப் பார்க்கத் தொடங்கினாள். பிறகு நாங்கள் ஒவ்வொருவராகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சேர்ந்துவிட்டோம்.

அது ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் கதை. ஏரிக்கரையில் ஒரு குளிர் ஊர். மனைவியை இழந்த ஒரு கிழவர். வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேர். கொலை, துப்பாக்கி ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்து சண்டை பிடிப்பார்கள், பிறகு ஆளையாள் கட்டிப்பிடித்து அழுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் ஆங்கிலம் பாண் சுடும் தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலம். தட்டு, அடுப்பு, ஓவர்டைம் என்பவற்றுக்கு அது போதும். ஒரு மகன் தகப்பனுக்கு முன்னால் குரலை அடக்கிக்கொண்டு பேசும்போது போதாது. அந்த இடங்களில் மகளோ அக்காவோ எனக்குத் தமிழில் சொல்லுவார்கள்.

அக்கா எங்கள் குடும்பத்தில் மூத்தவள், நான் கடைசி. அவள் கலியாணம் கட்டவில்லை. மன்னாரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளார்க்காக இருந்தவள், ஆங்கிலம் வாசிப்பாள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, நானும் மனைவியும் வேலைக்குப் போக, பிள்ளையைப் பார்க்கவென்று சிட்னிக்கு வந்தாள். பிள்ளை இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். அக்கா மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். பகலில் அந்த வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இருப்பதில்லை. அதை நான் அப்போது ஒரு குறையாக நினைக்கவில்லை. வீடு இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, ரீவி இருக்கிறது என்று நினைத்தேன்.

நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் ஒரு நாள் கிழவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு, வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகப்போவதாகச் சொன்னார். பிள்ளைகள் மூன்று பேரும் வேண்டாம் என்று கோபத்தில் துள்ளினார்கள். அவர் ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்ப் பெட்டி கட்டினார். அன்றைக்கு எங்கள் வீட்டுக்குக் கோயிலிலிருந்து ஒரு அன்ரியும் வந்திருந்தார். எங்கள் ஆட்களில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் தெரிந்துகொள்பவர் அவர்தான்.

“பாத்தியளே, வெள்ளையளின்ர சீரை!” என்றார் அன்ரி. “நாய்க்குக் கட்டில் வாங்கிப் போடுவினம். பெத்த தகப்பனுக்கு ஒரு மூலை இல்லை.”

“பிள்ளையள் போகச் சொல்லேல்ல, அன்ரி. அவர்தான் போகப்போறன் எண்டு நிக்கிறார்,” என்றாள் மகள்.

“அவர் அப்பிடித்தான் சொல்லுவார். வாயால சொன்னா மனசில அதுதான் எண்டோ?” என்றாள் என் மனைவி. அவள் ஒரு முதியோர் இல்லத்தில்தான் வேலை செய்கிறாள். ஊரார் தாய் தகப்பனைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சோறு தீத்திவிட்டு வருகிறவள். “அங்க நான் தினமும் பாக்கிறன். ஒருத்தரும் விரும்பி வந்தது கிடையாது.”

அப்போது அக்கா வாய் திறந்தாள்.

“எனக்கெண்டா அந்தக் கிழவன் செய்தது சரி. அங்க போனா சீட்டு விளையாட நாலு பேர் இருப்பினம். அந்தப் பெரிய வீட்டுக்குள்ள ஆர் இருக்கினம்? சுவரோட கதைக்கிறதே?”

தன்னையும் ஒருநாள் அப்படி அனுப்பிவிடுவோம் என்று அக்கா பயப்படுகிறாள், அதைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்லுகிறாள் என்று நினைத்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி வேண்டாம் என்றால் நாங்கள் கேத்திலை அடுப்பில் வைப்போம். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம் என்பவர்களுக்குச் சோறு போடுவோம். முதல் தடவை சொன்ன ‘வேண்டாம்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்பவன் கஞ்சன் என்று பெயர் எடுப்பான். ‘எனக்கு ஒரு குறையும் இல்லை’ என்று ஒரு பெரியவர் சொன்னால், என்ன குறை என்று தேட வேண்டும். அப்படித்தான் வளர்ந்தோம். ஆகவே அக்கா ‘போவது நல்லது’ என்று சொன்னதும், ‘என்னைப் போகவிடாதே’ என்று எனக்குக் கேட்டது.

நான் சபையில் பேசுகிறவன் அல்ல. நாலு பேர் கூடினால் குசினிக்குள் போய்விடுவேன். அன்றைக்கு மட்டும் எழுந்து நின்றேன். “எங்கட வீட்டில அது ஒருநாளும் நடவாது,” என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “நான் உயிரோட இருக்குமட்டும் அக்கா இந்த வீட்டிலதான். ஒரு இடமும் அனுப்பமாட்டன்.”

அன்ரி கையைத் தட்டினார். “தம்பி எண்டா இப்பிடி இருக்கோணும்! வாயே இல்லாத பிள்ளை எண்டு நினைச்சன், பாருங்கோவன்!” அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் இரண்டு மூன்று பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது.

அக்கா அன்றைக்கு “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு, குடித்த கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அவளுக்கு மனம் ஆறிவிட்டது என்று நான் நினைத்தேன்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, கோயில் பெண்களோடு அக்கா ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் வந்திருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய இடம். அங்கே தமிழ் ஆட்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் மன்னாரில் எங்கள் பக்கத்து ஊர், முன்பு பள்ளிக்கூடத்தில் ரீச்சராக இருந்தவர். அதற்குப் பிறகு அக்கா மாதத்தில் இரண்டு தடவையாவது அங்கே போய் அந்த ரீச்சரோடு கரம் போர்டு விளையாடிவிட்டு வருவாள். வந்து, “தேத்தண்ணி வாயில வைக்கேலாது. ஆனா முற்றம் நல்ல முற்றம், வெயில் விழும்” என்பாள். பாவம், இரக்கப்பட்டுப் போய் வருகிறாள் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம்.

நாடகம் தொடர்ந்து ஓடியது. கிழவர் இல்லத்தில் சேர்ந்தார். ஒரு கிழவியோடு சண்டை பிடித்து, பிறகு அவளோடேயே சிநேகமானார். வாராவாரம் அக்கா அவருக்காகப் பரிந்து பேசினாள். “பாத்தியே தம்பி, அந்த மனுசன் சிரிக்கிறான். முந்தி ஒருக்காவாவது சிரிச்சவனே?” என்பாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் அவளுக்கு ஏதாவது வாங்கினேன். கால் நீட்டிப் படுக்கிற கதிரை ஒன்று வாங்கினேன். அறைக்குள் தனியாக ஒரு ரீவி வைத்துக் கொடுத்தேன். அவள் பயம் இன்னும் போகவில்லை என்பதுதான் என் கணக்கு.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் லெபனான்காரப் பெண்ணும் அதே நாடகத்தைப் பார்த்தாள். தேத்தண்ணி நேரத்தில் அதைச் சொல்லி அழுவாள். அவளுக்குக் கோபமெல்லாம் பிள்ளைகள் மேல்தான். தங்கள் மனம் ஆறுவதற்காகத்தான் அவரைப் பிடித்து வைக்கப் பார்த்தார்கள், அவருக்காக இல்லை என்றாள். “நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்டாள். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். தொழிற்சாலையில் நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன்.

மகள் ஒருநாள் காரில் என்னிடம் சொன்னாள். “அப்பா, மாமி டிராமாவைப் பற்றிக் கதைக்கேல்ல எண்டு நினைக்கிறன். அவவுக்கு அந்த ரீச்சர் இருக்கிற இடத்துக்குப் போக விருப்பம். நீங்கள் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்.”

“நீ இஞ்ச பிறந்த பிள்ளை,” என்றேன். “உனக்கு எங்கட ஆக்களின்ர கதை விளங்காது.”

அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அக்கா விழுந்தது ஒரு வேலை நாளில். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, எழும்ப முடியாமல் கிடந்தாள். மகள் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சை முடிந்த பிறகு, இனி இரண்டு பேர் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்றார்கள். ரீச்சர் இருந்த இல்லத்தில் கேட்டோம். அங்கே தாங்களாக நடக்கிறவர்களைத்தான் எடுப்பார்களாம். இடம் கிடைத்தது வேறொரு இல்லத்தில், நகரத்தின் மறு பக்கத்தில்.

அதைச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். “அக்கா, அனுப்பமாட்டன் எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னனான். இப்ப நானே அனுப்புறன்.”

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“உன்னை ஆர் அப்பிடிச் சொல்லச் சொன்னது?” என்றாள். “நான் போகத்தானேடா கேட்டனான்.”

“எப்ப கேட்டனீங்கள்?”

“ஒவ்வொரு கிழமையும். அந்தக் கிழவனைச் சாட்டிச் சாட்டி.”

“நேரா என்னட்டக் கேட்டிருக்கலாமே, அக்கா.”

“நேராக் கேட்டா? ‘தமக்கைக்குத் தம்பி வீட்டில சரிவரேல்லையாம்’ எண்டு கோயில் முழுக்கக் கதைச்சிருப்பினம். உன்ர பெஞ்சாதிக்கும் அது பெயர் கேடு. நாடகத்தைச் சொன்னா ஆருக்கும் நோகாது எண்டு நினைச்சன். நீ பிடிப்பாய் எண்டும் நினைச்சன்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “பிறகு நீ எழும்பி நிண்டு அவ்வளவு சத்தமாச் சொன்னாய். பிறந்த நாள் தொட்டு நீ நாலு பேருக்கு முன்னால ஒரு சொல்லுச் சொன்னதை நான் காணேல்ல. அதை எப்பிடி நான் பிழை எண்டு சொல்லுறது?”

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அக்கா இப்போது இருக்கும் இடம் சுத்தமானது. வேலை செய்பவர்கள் நல்லவர்கள். கூட இருக்கும் பெண்கள் பெரும்பாலும் இத்தாலிக்காரரும் கிரேக்கரும். வயது போகப் போக அவர்களுக்கு ஆங்கிலம் மறந்து சொந்தப் பாசை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அக்கா ஆங்கிலத்தில் கேட்பாள், அவர்கள் தங்கள் பாசையில் பதில் சொல்லுவார்கள். “நல்ல சனம்,” என்கிறாள் அக்கா. “ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது, அதால சண்டையே இல்லை.” கரம் விளையாட ஆளில்லை.

நாடகம் போன வருடம் முடிந்துவிட்டது. லெபனான்காரப் பெண் வழக்கம்போலக் கேட்டாள், முடிவு எப்படி என்று. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். முடிவைப் பற்றிச் சொல்லத் தெரியாது, ஆனால் கிழவர் பெட்டியோடு தனியே டாக்ஸியில் போனாரே, அன்றைக்கு மூத்த மகன் காரில் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். அத்தனை வருடத்தில் நான் சொன்ன முதல் அபிப்பிராயம் அது.

போன கிழமை அக்காவிடம் போயிருந்தேன். சூப்பை முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அங்க ரீச்சர் எப்பிடி? அன்ரி ஒண்டும் சொல்லேல்லையே?”

ரீச்சர் இறந்து ஒரு மாதமாகியிருந்தது. அன்ரிதான் சொன்னார். சவ அடக்கத்துக்கு நானும் போனேன். அக்கா தாங்கமாட்டாள் என்று மனைவியும் நானும் பேசி, சொல்லாமல் விட்டிருந்தோம்.

சுகமாக இருக்கிறா என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை.

“ரீச்சர் மோசம் போட்டா, அக்கா.”

“எப்ப?”

“போன மாசம்.”

“நீ போனனியே?”

“ஓம்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“நீங்கள் கவலைப்படுவீங்கள் எண்டு.”

“அந்தக் கவலையை நான் பட்டிருப்பன்தானே,” என்றாள் அக்கா.

ஒரு கிரேக்கக் கிழவி நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்து போனாள். அவளும் அக்காவும் ஒருவருக்கொருவர் தலையாட்டினார்கள்.

“நீ வெளிக்கிடு, தம்பி. போயிட்டு வா,” என்றாள்.

முன்பென்றால் அந்தச் சொல்லுக்கு நான் அசைந்திருக்கமாட்டேன். இன்னும் அரை மணித்தியாலம் இருந்திருப்பேன்.

“உண்மையாப் போகச் சொல்லுறீங்களோ, இல்லாட்டி நான் இருக்கிறதோ?” என்று கேட்டேன்.

“உண்மையாத்தான். நான் கொஞ்சம் தனிய இருக்கோணும்.”

எழுந்து குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டேன். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடி, போர்வைக்கு மேல் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் போனேன்.