முதுகு காட்டி அமர்ந்தவர்கள்

ஊர்க்கூட்டம் கூடியிருக்கும் நேரத்தில் பெண்கள் ஒல்லாந்தர் கல்லைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் குப்பத்தின் வழக்கம். அம்மன் கோயிலுக்கு முன்னிருந்த மணல்திடலின் ஓரத்தில், ஆளுயர நீளமுள்ள கருங்கற்பலகை ஒன்று பாதி புதைந்து கிடந்தது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் வாணிகம் செய்த காலத்தில் யாருடைய கல்லறைக்கென்றோ செதுக்கப்பட்டு, எப்படியோ ஏரியைக் கடந்து எங்கள் கரைக்கு வந்து சேர்ந்திருந்தது. அதன்மேல் இருந்த எழுத்தைப் படிக்க ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆயினும் அது என்ன சொல்கிறது என்பதை அனைவரும் அறிந்திருந்தோம்: இதற்கு அப்பால் பெண் பேசக் கூடாது. பேசினால் அவளுடைய வழக்கு அத்துடன் முடிந்துபோகும். அவளுக்காகத் தந்தையோ உடன்பிறந்தவனோதான் வாய்திறக்க வேண்டும். என் அம்மாவுக்கு அவ்விருவரும் இல்லை.

நான் இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா வீட்டைவிட்டுப் போனாள். ஏரியின் முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டு, மீன்வரத்து அற்றுப்போன ஆண்டு அது. தொழிலுக்குப் போகாத நாள்களில் என் தகப்பனான நைனா குடித்தார். குடித்த நாள்களில் அவருடைய கை நீண்டது. ஒரு விடியற்காலையில் அம்மாவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, மறுகையால் என் தலையைத் தடவிவிட்டு, பழவேற்காட்டுக்குப் புறப்பட்ட தோணியில் ஏறினாள். பாலம் வராத காலம். மருந்து கட்டிக்கொண்டு மாலைத் தோணியில் வந்துவிடுவாள் என்று எண்ணிக் கரையில் காத்திருந்தேன். தோணி வந்தது. அதிலிருந்து உப்பு மூட்டைகளை இறக்கினார்கள்.

பழவேற்காட்டில், ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்துக்கு அடுத்த தெருவில், பெண்களுக்குத் துணைநிற்கும் சங்கம் ஒன்று இருந்தது. அடிபட்டு வந்தவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், காவல்நிலையத்தில் அவளுடன் நிற்பதும், போக்கிடமற்றவளைத் தங்கவைப்பதும் அங்கே பணிசெய்தவர்களின் வேலை. இதையெல்லாம் நான் பிற்காலத்தில்தான் அறிந்தேன். அன்று நைனாவின் தமக்கையான என் அத்தை எனக்குச் சொன்ன விளக்கம் வேறு.

"உங்கம்மா எலும்புக்கூட்டு வீட்டாண்ட பூட்டாடி. அங்க போன பொம்பள எவ திரும்பி வந்துகிறா?"

கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகள் உண்டு. எப்போதும் அம்மாவின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் அவற்றைக் கடந்திருக்கிறேன். இப்போது அம்மா அவற்றுக்கு நடுவே முந்தானையின்றி நிற்பதாகக் கற்பனை செய்து அழுதேன்.

ஊரிலேயே விரைவாக இறால் உரிப்பவள் என் அம்மா. நகத்தால் ஒரு கீறல், கட்டைவிரலால் ஒரு தள்ளல். தோல் மணலில் விழும், சதை சட்டியில் விழும். கையைப் பார்க்கமாட்டாள். என்னைப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டே உரிப்பாள். அவள் போன பிறகு, அத்தை இறால் உரிக்கும்போது நான் அருகில் சென்று கண்ணை மூடிக்கொள்வேன். சட்டிக்குள் சதை விழும் ஓசையில் அம்மா இருக்கிறாளா என்று கேட்டுப் பார்ப்பேன். அத்தையின் கை நின்று நின்று செல்லும் கை. அந்த இடைவெளிகளில் அம்மா இல்லாமை தெளிவாகக் கேட்டது.

சில வாரங்கள் கழித்துச் சங்கத்திலிருந்து இருவர் எங்கள் குப்பத்துக்கு வந்தனர். மூத்தவர் மீஞ்சூர்க்காரர், பருத்த உடலும் உரத்த குரலும் உடையவர். இளையவள் காட்டுப்பள்ளிப் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். நைனா அவர்களைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார். மூத்தவர் சற்றும் சளைக்காமல், வாசலில் கூடிநின்ற பெண்களின் நடுவே சம்மணமிட்டு அமர்ந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா. பயப்படாதீங்க, நான் எலும்புக்கூடு இல்ல. பாருங்க, எவ்ளோ சதை கீது."

தெருவே சிரித்தது. அத்தைகூட வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் மூத்தவர் கூட்டம் நடக்கும் முறையைப் பற்றி விசாரித்தார்.

"அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் குந்திக்கினு பேசலாமா?"

"இந்தப் பக்கம் நாங்க பேசாத பேச்சா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "ஆம்பளைங்க காதுல வாங்கமாட்டாங்கோ, அவ்ளோதான்."

"வாங்குவாங்க, வாங்குவாங்க" என்றார் மூத்தவர், தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்துவைத்து.

அடுத்த கூட்டத்தில் எங்கள் வழக்கு வந்தது. கேள்வி ஒன்றுதான்: நான் யாரிடம் வளர்வது? சிறுமி என்பதால் வழக்கம் என்னைத் தடுக்கவில்லை. வழக்கின் பொருள் என்பதால் திடலின் நடுவிலேயே எனக்கு இடமும் கிடைத்தது. நைனா என் கையைப் பற்றிக்கொண்டு ஊர்த் தலைவருக்கு எதிரே நின்றார். அன்று அவர் குடிக்கவில்லை. எண்ணெய் தடவித் தலைவாரியிருந்தார்.

அப்போதுதான் மூன்று பெண்கள் ஒரு கூடை இறாலுடன் வந்து, கல்லைத் தாண்டாமல் அதன் வெளிப்புறத்தில், கூட்டத்துக்கு முதுகு காட்டி அமர்ந்தார்கள். இருபுறமும் சங்கத்து அக்காமார். நடுவில் இருந்த முதுகு அம்மாவுடையது.

"எம்மா!" என்று கத்தினேன்.

அந்த முதுகு ஒருகணம் நிமிர்ந்தது, பின்னர் குனிந்துகொண்டது. அம்மா திரும்பவில்லை. ஓட முயன்ற என்னை நைனாவின் பிடி நிறுத்தியது.

"சொல்லாம கொள்ளாம போனவ" என்று நைனா தொடங்கினார். "ஊர மதிக்கல. கொழந்த என்கிட்ட நல்லாத்தான் கீது."

கல்லுக்கு அப்பாலிருந்து மூத்தவரின் குரல் எழுந்தது. அவர் இளையவளிடம்தான் பேசினார். ஆனால் இளையவள் செவிடாயிருந்தாலும் கேட்டிருக்கும்.

"ஏம்மா, மணிக்கட்டு ஒடஞ்சவ ஊரக் கூட்டி உத்தரவு வாங்கிக்கினா தோணி ஏறுவா?"

"இன்னாக்கா கேக்கற? அவளுக்காக வந்து பேச அப்பன் கீறானா, அண்ணன் கீறானா?"

"தலைவரே, பொம்பளைங்க பேசறாங்கோ!" என்று ஓர் இளைஞன் குதித்தெழுந்தான்.

தலைவர் கையை நெற்றிக்குமேல் வைத்துக் கரையை நோட்டமிட்டார். "எங்கடா? எறா உரிக்கறாங்கோ. எறா உரிக்கறவங்க வாய மூடிக்கினா உரிப்பாங்க? குந்துடா."

திடல் சிரித்தது. தலைவர் வானத்தை அண்ணாந்து பார்த்து, காற்றிடம் கேட்பவரைப்போலக் கேட்டார்: "கொழந்தைய டவுனுக்கு இட்டுக்கினு போனா படிப்பு இன்னாவறது?"

"நம்ம தெரு ஸ்கூலு டீச்சர் தங்கமானவங்க, இல்ல?" என்றார் மூத்தவர், கூடையைப் பார்த்து.

"கூப்புடு தூரம்க்கா. மணியடிச்சா நம்ம வாசல்ல கேக்கும்."

எனக்கு அவர்கள்மீது கடுங்கோபம் வந்தது. எங்கள் வீட்டுக் கதையைக் கடற்கரையில் அமர்ந்து வம்பு பேசுகிறார்கள்; அம்மாவோ அவர்களுக்கு நடுவில் வாய்மூடிக் கையசைத்துக்கொண்டிருக்கிறாள். அவளைச் சுற்றிக் காக்கைகள் வேறு என்றுமில்லாத ஆரவாரத்துடன் கூடியிருந்தன. அவற்றை விரட்டவும் அவளுக்குத் தோன்றவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும் என்று அந்த முதுகை வேண்டினேன். அது வெறும் முதுகாகவே இருந்தது.

"பெத்த பொண்ணுக்கு நான் சோறு போடமாட்டனா?" என்றார் நைனா.

"சோறு யாரு போட்டாலும் சோறுதான்மா" என்றது கல்லுக்கு அப்பாலிருந்த குரல், முன்னிலும் மெதுவாக. "அவரு குடிச்சிட்டு வர்றப்போ அந்தப் புள்ள எங்க கீதுன்னுதான் யாராச்சும் கேக்கணும்."

தலைவர் வானத்திலிருந்து கண்ணை இறக்கி என்னைப் பார்த்தார். "நைனா குடிச்சிட்டு வந்தா நீ எங்கடீ கண்ணு இருப்ப?"

விடை தெரிந்த கேள்வி. வகுப்பில் எழுந்து சொல்வதைப்போல உரக்கச் சொன்னேன்: "வலைக்குள்ள."

சரியாக விளங்கவில்லை போலும் என்று எண்ணி விளக்கினேன். "மூலையில பெரிய வலை கீதுல்ல, அதுக்கு அடியில பூந்துக்குவேன். நைனாக்குத் தெரியவே தெரியாது."

என் கையைப் பற்றியிருந்த பிடி தளர்ந்தது. நைனா என்னைக் குனிந்து பார்த்தார். நான் ஏதோ பரிசுக்குரிய செயலைச் செய்துவிட்டதாக நினைத்து அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிள்ளை தாயுடன் போகட்டும், குடிக்காத நாளில் தகப்பன் போய்ப் பார்த்து வரட்டும் என்று தீர்ப்பாயிற்று. "கல்லத் தாண்டி வாம்மா" என்று மூத்தவர் கூடையை நோக்கிச் சொன்னார். நான் போய் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். அப்போதும் அவள் திரும்பவில்லை. கடைசி ஆள் எழுந்து போகும்வரை கூட்டம் கூட்டம்தான்; அதுவரை முகம் திருப்பினால் கூட்டத்திடம் பேசியதாகிவிடும். ஆனால் ஒரு கை மட்டும் பின்னால் நீண்டது. மணிக்கட்டில் துணி சுற்றிய கை. இறாலின் ஈரமும் மணமுமாய் அது என் கணுக்காலைத் தேடிப் பற்றிக்கொண்டது. திடல் காலியாகும்வரை அது விடவில்லை.

பிறகு இளையவள் சட்டியைத் தூக்கினாள். "யக்கா, இன்னாக்கா இது! தோலெல்லாம் சட்டியில கீது!"

எட்டிப்பார்த்தேன். சட்டி நிறையத் தோலும் தலையும். சதை முழுவதும் மணலில் விழுந்திருந்தது. காக்கைகள் தின்றது போக மிச்சம் கிடந்தது.

"வுடு" என்றார் மூத்தவர். "காக்காங்க துன்னுட்டுப் போவட்டும்." அதைச் சொல்லும்போது அவர் அம்மாவின் பக்கம் பார்க்கவேயில்லை. நான் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மாலைத் தோணியில் ஏறினோம். கரை விலகியபோது நைனா ஒல்லாந்தர் கல்லின்மேல் தனியே அமர்ந்திருப்பது தெரிந்தது. எத்தனையோ நாளாக வேண்டியிருந்த மடி எனக்குக் கிடைத்திருந்தது. அதில் சாய்ந்தபடியே, நைனாவும் எங்களுடன் வந்திருக்கலாமே என்று ஏங்கினேன். எனக்கு அவளைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. எலும்புக்கூட்டு வீட்டில் இருந்ததில் பாவம், இறால் உரிப்பதையே மறந்துவிட்டாளே! நாளைக்கு நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு தூங்கிப்போனேன்.