பதினோரு மூட்டை

காளிராஜ் அண்ணன் லீவில் வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். காலையிலேயே டொக் டொக்கென்று சத்தம் கேட்கும். வீட்டு இரும்புக் கேட்டில் துரு தட்டிக்கொண்டிருப்பார். சரக்குக் கப்பலில் அவர் போசன். மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர்.

"கப்பல்ல பாதி சோலி இதுதான். தட்டணும், பெயிண்டு அடிக்கணும். முடிக்கிறதுக்குள்ள மொதல்ல தட்டுன எடம் மறுபடி துருப்புடிச்சிரும்" என்றார்.

"எட்டு மாசம் கழிச்சு வந்த மனுசன் என்கிட்டப் பேசுனதவிட இந்தக் கேட்டுகிட்டப் பேசுனதுதான் கூட" என்றார் அவர் மனைவி பாண்டீஸ்வரி மதினி.

நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கப்பல் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்கத்தான் போயிருந்தேன். பதிலுக்கு அவர் தன் முதல் கப்பலைப் பற்றிச் சொன்னார்.

திருச்சுழிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கப்பலுக்குப் போன முதல் ஆள் அவர். பஸ் ஏற்றிவிட ஊரே வந்ததாம். வேலை போனால் அதே பஸ் ஸ்டாப்பில்தான் வந்து இறங்க வேண்டும்.

காக்கிநாடாவில் ஆப்பிரிக்காவுக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மழை வந்தால் ஏற்றுவதை நிறுத்திவிட்டுச் சரக்கறையின் இரும்பு மூடியை மூட வேண்டும். மூடி உட்காரும் விளிம்பில் நாலு அரிசி கிடந்தாலும் சரியாக அடையாது. இரண்டாம் அறையில் அந்த விளிம்பைக் கூட்டிவிட்டுக் கை காட்டுவது அவர் பொறுப்பு. அவர் கை காட்டினால்தான் மூடி நகரும்.

அவர் சேர்ந்த மூன்றாம் வாரம் மழை வந்தது. ஊரில் கண்மாய் நிறைந்து நாலு வருடம் ஆகியிருந்தது. காளிராஜ் விளக்குமாற்றைப் பிடித்தபடி முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து நின்றுவிட்டார்.

"ஏலே திருச்சுழி! மழையக் கண்டா சாமி வந்துருமோ?"

சமையலறை வாசலிலிருந்து கத்தியவர் கப்பலின் சமையல்காரர் மன்சூர் அலி, எங்கள் பக்கத்து ஊரான வீரசோழன்காரர். அப்போதுதான் காளிராஜுக்குச் சுரணை வந்தது. அதற்குள் மேல் அடுக்கில் நாற்பது மூட்டை நனைந்துவிட்டது.

சரக்குக்குப் பொறுப்பான சீஃப் ஆபீசர் கத்தவில்லை. "தண்ணீரும் காய்கறியும் ஏற்றக் கொழும்பில் நிற்போம். அங்கிருந்து நீ ஊருக்குப் போகலாம்" என்றார்.

நாற்பது மூட்டையையும் எடுத்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் வெயிலில் மறுபடி ஏற்றத் தொடங்கும் முன், யாரும் சொல்லாமலே காளிராஜ் சரக்கறைக்குள் இறங்கினார். ஊரில் அறுத்துப்போட்ட கொத்தமல்லி நனைந்தால் வெளியே காய்ந்த மாதிரிதான் இருக்கும். மூட்டைக்குள் புழுங்கி மொத்தமும் பூசணம் பூத்துப்போகும். அடுத்த அடுக்கில் ஒவ்வொரு மூட்டையாகப் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். இரும்புச் சுவரை ஒட்டித் தண்ணீர் வழிந்த ஓரத்தில் பதினோரு மூட்டை சில்லென்றிருந்தன.

"சொன்னா குத்தம் கூடும்னு தெரியாதாண்ணே?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? ஏணியில பாதி ஏறி அப்படியே நின்னுட்டேன். நம்ம மல்லி களத்துல கெடந்தா மழைய வேடிக்க பாப்பமா? விழுந்தடிச்சு ஓடி அள்ளுவோம்ல. அடுத்தவுக அரிசின்னுதான வாயப் பொளந்து நின்னுருக்கேன். அது உறுத்துச்சு."

மேலே போய்ச் சொன்னார். சீஃப் ஆபீசர் தானே இறங்கி வந்து கை வைத்துப் பார்த்தார். பதினொன்றும் வெளியே போயின.

கொழும்பு வந்தது. காளிராஜ் பையைக் கட்டி வைத்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக் காத்திருந்தார். சீஃப் ஆபீசர் எட்டிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கா கிளம்பியிருக்கிறாய்? இரண்டாம் மூடியில் அவ்வளவு துரு கிடக்கிறது. யார் தட்டுவது?"

அதன் பிறகு ஏழு கப்பல்கள் மாறிவிட்டார். நனைந்த மூட்டை ஒன்றுகூட இல்லை. இதை அவர் சொல்லவில்லை, மதினிதான் சொன்னார்.

ஆய்வகத்தில் வராத ரீடிங்கை வந்ததாக எழுதி மார்க் வாங்கியவன் நான். ஏணியில் பாதியில் நின்றிருந்தால் மேலே போய் வாயைத் திறந்திருப்பேனா? விண்ணப்பம் இன்னும் பையில்தான் இருக்கிறது.

"இப்ப மழை பெஞ்சா நனைவீகளாண்ணே?"

"மூடிட்டு நனைவேன்."

"மொதல்ல இங்க பெய்யட்டும்" என்றார் மதினி.