தேயிலைப் பெட்டிக்குள் மயில்

மரத்தில் செய்த மயிலுக்குப் பொரி ஊட்டி வளர்க்கப் பார்த்தவன் நான். இதை முதலிலேயே நானே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் இதைச் சொல்லக்கூடியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், சொல்வதில் அவர்களுக்கு அலுப்பே கிடையாது.

அப்போதெல்லாம் இலங்கை மலைநாட்டில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து எங்கள் ஊர் பதுளைக்கு எல்லாமே மாட்டுவண்டியில்தான் வந்து சேரும். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வெள்ளைக்காரத் துரை காய்ச்சலில் செத்துப்போக, பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். எங்கள் துணிக்கடைக்கு ஒரு கண்ணாடி அலமாரி வாங்கி வரச் சொல்லிச் சித்தப்பாவை அனுப்பினார் அப்பா. அலமாரியோடு, யாரும் கேட்காததால் சும்மா தூக்கிக் கொடுத்தார்கள் என்று ஒரு தேயிலைப் பெட்டியையும் சித்தப்பா கொண்டுவந்து இறக்கினார்.

பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே மயில் உட்கார்ந்திருந்தது. உதிர்ந்த நீல வர்ணம். ஒரு கண்ணில் கண்ணாடி மணி, மறு கண்ணில் வெறும் ஓட்டை. அலகு மட்டும் நிஜ மயிலின் அலகு. முதுகில் போர்த்தியிருந்த தோல் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. தோகை இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு கட்டை. அதன்மேல் கம்பிகள், அவற்றுக்கு அடியில் இன்னும் மெல்லிய கம்பிகள். பாதி அறுந்து சுருண்டு கிடந்தன, மீதி விறைப்பாக இருந்தன.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகா! எந்தக் கோயில் வாகனத்தையோ வெள்ளைக்காரன் தூக்கிட்டு வந்திருக்கான்டா."

"கம்பியெல்லாம் எதுக்கு?" என்றாள் அம்மா.

"சாமிய மேல உக்கார வச்சுக் கட்டுறதுக்கு மதனி. விழுந்துறாம இருக்கணும்ல?" என்றார் சித்தப்பா. தெரியாது என்ற வார்த்தை சித்தப்பாவுக்குத் தெரியாது.

வாகனம் என்று முடிவானதும் வேறொரு கவலை வந்தது. கண் போய், தோல் கிழிந்து, பின்னப்பட்டுப்போன தெய்வச் சாமானை வீட்டில் வைக்கலாகாது. ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். கோயில் அய்யரைக் கேட்டதற்கு, தைப்பூசம் கழிந்ததும் பதுளு ஓயா ஆற்றில் விட்டுவிடலாம் என்றார். அதுவரைக்கும் பெட்டியைப் பின்கட்டில், சேலைக்கட்டுகள் அடுக்கும் அறையில் வைத்தார்கள்.

அந்த அறையை ஒட்டிப் பலகைச் சுவருக்கு அப்பால் ஆட்டுரல் இருந்தது. மாவாட்டுவது அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. மதுரைப் பக்கம் கட்டிக்கொடுத்த சூட்டோடு மாமா போய்விட, அப்பா கப்பலேறிப் போய்க் கூட்டி வந்திருந்தார். அத்தைக்கு அம்மாவைவிட வயது குறைவு, ஆனால் வெள்ளைச் சேலையில் அப்படித் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் பாடினால் தெருவில் போகிறவர்கள் நின்றுவிடுவார்களாம். இங்கே வந்து இறங்கிய அன்றே அப்பா சொல்லிவிட்டார்: "இனிமே பாட்டு வேணாம்மா. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக." அத்தை தலையாட்டினாள். அதற்குப் பிறகு பேச்சுக்குக்கூட அவள் அதிகமாக வாய் திறந்ததில்லை.

மூடுபனி வாசற்படி வரை ஏறி வந்திருந்த ஒரு காலையில் நான் சேலைக்கட்டுகளின் மேல் ஏறிப் படுத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஒளிவதற்கு அதைவிட நல்ல இடம் பதுளையில் கிடையாது. சுவருக்கு அப்பால் ஆட்டுக்கல் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். ம்ம்ம்... என்று, வாயை மூடிக்கொண்டு யாரோ அழுகிற மாதிரி. எழுந்தது, இறங்கியது, நின்றது. எட்டிப் பார்த்தேன். மயில் அசையவில்லை. ஓட்டைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

வேறு பிள்ளையாக இருந்தால் ஓடியிருக்கும். என் புத்தி அப்படிப்பட்டதில்லை. எனக்கு அழுகை வருவதெல்லாம் பசியில்தான் என்பதால், மயிலுக்கும் பசி என்று தீர்மானித்தேன். அலகு திறக்காததால் முதுகுக் கிழிசல் வழியாகப் பொரியைப் போட்டேன். சத்தம் நின்றது. ஆட்டுக்கல்லும் நின்றிருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து மயில் அழும்போதெல்லாம் ஒரு பிடி பொரி. பிராணியைக் காப்பாற்றுகிற பெருமையில் நானும் கொஞ்சம் தின்றுகொண்டேன்.

பிறகு சேலை எடுக்கப் போன கடைப்பையனும் கேட்டான். அவன் அலறிய அலறலுக்குக் கடைக்கு வந்த சனம் பாதி இறங்கிப் போய்விட்டது. அம்மாவும் கேட்டாள். அவள் திருநீற்றை அள்ளி முதலில் எனக்குப் பூசினாள், பிறகு மயிலுக்கு. "துரை செத்த வீட்டுலேருந்து வந்தது. எதக் கூட்டிட்டு வந்திருக்கோ!" என்றாள். பகலில்கூட அந்த அறைப் பக்கம் போவதை எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். அத்தை மட்டும் அரிசி ஊறவைப்பதும் அரைப்பதுமாகவே இருந்தாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தோசை மாவு புளித்துப் பொங்கி வழிந்தது.

அப்பா தைப்பூசம் வரை பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கடைப்பையனும் சித்தப்பாவும் பெட்டியைத் தூக்க, அப்பா சூடத்தட்டோடு முன்னால் நடந்தார். முற்றத்தைத் தாண்டவில்லை. வாசல் நிலைக்கு நடுவே அத்தை நின்றாள். நல்ல காரியத்துக்குப் போகிறவர்களுக்கு எதிரே அவள் வரவே மாட்டாள். எதிரே யாரும் போகாத நேரம் பார்த்துத்தான் தண்ணீர் எடுக்கக்கூடக் கிளம்புவாள்.

"என்னம்மா இது, வழிய விடு," என்றார் அப்பா.

அத்தை வழியை விடவில்லை. கண்ணை மூடினாள். வாயைத் திறந்து ஒரே ஒரு சுரம் பாடினாள், பெரிதாக அல்ல, பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கிற அளவுக்கு. பெட்டிக்குள் மயில் அதே சுரத்தில் முனகியது. அவள் நிறுத்திய பின்னும் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்தது.

கடைப்பையன் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். மற்றொரு முனை சித்தப்பாவின் காலில் இறங்கியது. அவர் கத்தியதும் பெட்டிக்குள்ளிருந்து இன்னொரு கம்பி அவரைப் போலவே ஙொய்யென்றது. சித்தப்பா கத்துவதைப் பாதியில் விட்டுவிட்டார்.

"வாகனமில்லண்ணே. வாத்தியம்," என்றாள் அத்தை. "வில்லு போட்டு வாசிக்கிறது. திருவிழாவுக்கு வந்த வடக்கத்தி ஆளு ஒருத்தரு இதத் தோளுல சாச்சு வாசிச்சாரு. அவுகதான் என்னையக் கூட்டிட்டுப் போய்க் காமிச்சாக. அடிக்கம்பி தானாப் பேசும்ணே. சுதி சேந்தாப் போதும்."

அவுக என்றால் மாமா. அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அப்பாவின் தட்டில் சூடம் அணைந்து போயிருந்தது.

"அப்ப இத்தன நாளா அழுததுன்னு சொன்னது?" என்றார்.

"ஆட்டுக்கல்லு சத்தத்துல நான் பாடுறது யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சேன்."

அப்பா தங்கையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். இனி ஆற்றில் போகப் போவது எது என்று எனக்குப் பயமாக இருந்தது. தட்டைக் கீழே வைத்தார். "தோலு கிழிஞ்சிருக்கே. யாரு போட்டுத் தருவா?" என்று கேட்டார்.

தோல் போடத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து தப்பு மேளம் கட்டுகிறவரை வரவழைத்தார்கள். பழைய தோலை உரித்தவர் உள்ளே கைவிட்டு, பூசணம் பிடித்த பொரியைக் குவியலாக அள்ளி வெளியே போட்டார். "என்னாங்க, மயிலு நல்லாத் தின்னுருக்கு! செரிமானந்தான் இல்ல போல!" என்று சிரித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். கம்பியை நகைப் பத்தர் இழுத்துத் தந்தார். வில்லுக்குக் குதிரைவால் முடி வேண்டுமென்றதும், கடைத்தெருவுக்கு வரும் துரை ஒருவரின் வெள்ளைக் குதிரையிடம் சித்தப்பா என்னை அனுப்பினார். முடி கிடைத்தது. கூடவே குதிரை கொடுத்ததை வாங்கிக்கொண்டு சில நாட்கள் குப்புறப் படுத்துத் தூங்கினேன்.

சுதி சேர்த்தது அத்தைதான். ஒவ்வொரு அடிக்கம்பிக்கும் ஒரு சுரம் பாடி, முறுக்காணியைத் திருகி, காதை வைத்துக் கேட்டாள். பிறகு அது எங்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. அப்பா இருமினால் ஒரு கம்பி எழும். அம்மா என்னைத் திட்டினால் இரண்டு கம்பிகள் ஒன்றாக எழும். ஆளுக்கொரு கம்பி சொந்தமாயிற்று. கடைசிக் கம்பி மட்டும் யாருக்கும் மசியவில்லை. எல்லாவற்றிலும் தாழ்ந்த சுதியில், அத்தையின் குரலே எட்டாத இடத்தில் அவள் அதை நிறுத்தியிருந்தாள். சித்தப்பா தொண்டையைத் தாழ்த்தித் தாழ்த்தி மாடு மாதிரிக் கத்திப் பார்த்தார். அது அசையவில்லை. "அதத் தொடாதீக," என்றாள் அத்தை.

மாமாவின் குரலை நான் கேட்டதில்லை. அவர் பேசினால் பானைத் தண்ணீர் அதிரும், அவ்வளவு கட்டைக் குரல் என்று அம்மா சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு. அப்போது எனக்கு அது தெரியாது.

ஒரு மத்தியானம் அப்பாவும் சித்தப்பாவும் கடையில் இருந்தார்கள், அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். பனி இறங்கித் தெருவே மறைந்துவிட்டது. வண்டிச் சத்தம் இல்லை, காற்றும் இல்லை. மயிலுக்குப் பக்கத்தில் அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், வாய் மூடியிருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது அபூர்வம், அதனால்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கடைசிக் கம்பி பேசியது.

தரைப்பலகை வழியாக முதலில் என் உள்ளங்காலில் ஏறி, அப்புறம்தான் காதுக்கு வந்தது. அத்தையின் கை முறத்தில் நின்றது. அவள் மயிலைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள். மடியிலிருந்த முறத்தை ஓசைப்படாமல் ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அப்பா உள்ளே வரும்போது அம்மா செய்வதைப் போல, முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். கதவருகே பனியைத் தவிர யாரும் இல்லை. கம்பி ஏறி இறங்கி, நின்று, மறுபடியும் தொடங்கியது.

யாருமே பாடாமல் அது எப்படி எழும் என்று எனக்குப் பிடிபடவில்லை. "அத்தை, அது யாரு கம்பி?" என்று கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சத்தம் போடாத, அவுக பேசுறாக."