பனிக்குப் பயந்து ஒட்டிய பைகள்

எங்கள் இளைஞர் கழகம் பிஸ்கட் விற்று நிதி சேர்ப்பதை வெளியிலிருந்து பார்த்தால் கோயிலில் பிரசாதம் கொடுப்பதுபோல் இருக்கும். உள்ளே படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். தோட்டத்து லயம் லயமாக, வீடு வீடாகப் போய் முன்கூட்டியே ஓடர் எடுக்க வேண்டும். டிக்கோயா பேக்கரி நானா பாண் சுட்டு முடித்ததும், போறணை அடுப்பின் சூடு தணிவதற்குள் எங்கள் தட்டுகளை உள்ளே தள்ள வேண்டும். பிறகு பொலித்தீன் பைகளின் வாயை மெழுகுதிரிச் சுடரில் காட்டி ஒட்ட வேண்டும்.

இந்தத் தடவை நிதி, ஹட்டனிலிருந்து கணித ஆசிரியரை வரவழைப்பதற்கு. என் தங்கை ஓ.எல். பரீட்சையில் கணிதத்தில் மட்டும் தவறியிருந்தாள். "வகுப்பு நடக்கலன்னா திங்கக்கெழம இவ பேரக் கொழுந்துக்குப் பதிஞ்சிருவேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். அவரும் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்தான். சொன்னால் செய்துவிடுவார் என்பதுதான் என் பயம்.

வெள்ளி மாலை தட்டுகள் வெளியே வந்த நேரம் பனியும் இறங்கிவிட்டது. "பனி பட்டா நமுத்துப் போயிரும், சீக்கிரம் ஒட்டுங்க!" என்று தங்கை கத்தினாள். சூடு ஆறும்வரை யாருக்கும் பொறுமையில்லை.

காலையில் பார்த்தால் பைகளின் உள்பக்கமெல்லாம் நீர்த்துளி. ஒன்றைக் கடித்தேன், ஊறப்போட்ட பாண்தான். வெளியே இருந்த பனிக்குப் பயந்து ஆவியை உள்ளே வைத்து ஒட்டியிருந்தோம்.

ஆத்திரத்தில் தங்கையைக் கண்டபடி ஏசினேன். அவள் பைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மதியம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு எல்லாரும் வருவார்கள், அப்போது விற்றால்தான் உண்டு. பிஸ்கட்டை மறுபடி போறணையில் வைத்து எடுக்க நானாவிடம் ஓடினோம்.

"பணிஸ் மாவு உள்ள போடப் போறேன் புள்ள. அதுக்கு முன்னால ஒரே ஒரு தரம்தான்" என்றார்.

அந்த ஒரு தரத்தில் ஓரமெல்லாம் கருகிவிட்டது. இம்முறை நன்றாக ஆறவிட்டுப் பைகளில் போட்டோம்.

மடுவத்தில் ஓடர் கொடுத்தவர்கள்கூடப் பார்த்துவிட்டுத் தயங்கினார்கள். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மா நேராக எங்களிடம் வந்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். தங்கை தலை குனிந்துகொண்டாள்.

"கருகிப் போச்சு" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

மறுபடி ஒரு கடி. "தேத்தண்ணியில தொட்டுத் தின்னா நல்லாத்தான் இருக்கும். ரெண்டு பக்கட் குடு."

பின்னால் நின்றவர்களும் கைநீட்டத் தொடங்கினார்கள். அம்மா பக்கட்டுகளை மடியில் கட்டிக்கொண்டு தங்கையைப் பார்த்தார்.

"கணக்கு மாஸ்டர் திங்கக்கெழம எந்த பஸ்ஸுல வாறாரு?"