ஏழாவது ஆளின் குரல்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவர் பிழைப்பு. மூன்றாம் டிவிஷன் கால்பந்து லீக்கின் செயலாளர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. வேறு யாரும் முன்வராததால் அது அவர் தலையில் விழுந்தது.

காய்ச்சல் பரவிய அந்தப் பருவத்தில் ஆட்டங்களைத் தள்ளிவைப்பதே அவர் வேலையாகிப்போனது. அணிகள் பொய்யும் சொல்லின. நல்ல ஸ்ட்ரைக்கர் வெளியூர் போய்விட்டால் மொத்த அணியும் படுத்துவிடும். அதனால் அவர் ஒரு விதி செய்தார். மேனேஜர் பேச்சு செல்லாது. படுத்திருப்பவனிடம் அவரே போனில் பேசுவார். ‘முடியாது’ என்றவன் நோயாளி, ‘வர்றேன்’ என்றவன் ஆட்டக்காரன். அணிக்கு ஏழு பேர் தேறினால் ஆட்டம் நடக்கும்.

கடைசி வாரம் பஸ் டெப்போ அணியும் பேக்கரி அணியும் மோதவேண்டும். அதற்குப் பிறகு மைதானம் கிடைக்காது; ஆட்டம் ரத்தானால் யாருக்கும் புள்ளி இல்லை. டெப்போ ஜெயித்தால் இரண்டாம் டிவிஷன். இல்லையென்றால் அணியைக் கலைத்துவிடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. டெப்போவின் கோச் அவருடைய சொந்த அண்ணன்.

பேக்கரிப் பையன்கள் ஒரே அறையில் படுப்பவர்கள். காய்ச்சல் வரிசையாக வந்தது. ஆறு பேர்தான் தேறினார்கள். முந்தின நாள் மத்தியானம் அண்ணன் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“இன்னும் ஒருத்தன்தானேடா?”

“கோல்கீப்பர். பேசிட்டுச் சொல்றேண்ணே.”

“பேசு. பரீட்சை ரிசல்ட் பாக்குறவன் மாதிரி ஏன் முழிக்கிற?”

அவர் கோல்கீப்பரை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“நாளைக்கு ஆடுவியாப்பா?”

“வர்றேன் சார். கல்லு மாதிரி இருக்கேன்.” சொற்களுக்கு நடுவே மூச்சு இழுத்தது.

“இப்ப எழுந்து நிக்கிறியா?”

“நிக்கிறேன் சார்…” ஏதோ உருண்டு விழுந்தது. பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். “டேய், படுடா! பெரிய இவன்!”

போன் துண்டிக்கப்பட்டது.

“வர்றேன்னுட்டான்,” என்றார் அண்ணன். “நீ போட்ட விதிதானே?”

அவர் கையிலிருந்த லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

“ஆட்டம் இல்லண்ணே.”

“அவனுக்கே வலிக்கல, உனக்கு எங்கடா வலிக்குது?”

“தெரியல.”

“தெரியாமலே என் பசங்க வயித்துல அடிக்கிற.”

இதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்குத் தயக்கம். துணிச்சலுக்கு ஏதாவது சூடு வேண்டும். அவரிடம் அது இருக்கவில்லை. பொய்யைக் கண்டுபிடிக்கச் செய்த விதி, நோயை மறைக்கிறவனிடம் வந்து நின்றுவிட்டது. அவர் ரெஃப்ரிக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றார். பிறகு லென்ஸை ஃப்ரேமில் பொருத்தினார்.

டெப்போ அணி கலைந்தது. கோல்கீப்பர் தேறி, ஒருநாள் கடைக்கு வந்தான். நன்றி சொல்ல அல்ல.

“என்னைக் கேட்டீங்க. சொன்னேன். அப்புறம் ஏன் சார் கேட்டீங்க?”

அவர் லென்ஸ் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பையன் போய்விட்டான். அவருக்குக் கோபமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்பார்களே, அப்படித் தன்னையே சோதித்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணிதான் கதவைத் திறந்தாள். அண்ணன் டிவியில் ஏதோ ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். இவரும் சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தார். எந்த அணி, எந்த நாடு, கேட்கவில்லை.

“சாப்டுட்டுப் போங்க தம்பி,” என்றாள் அண்ணி.

அண்ணன் சத்தத்தைக் கூட்டினார்.